அடுத்த குண்டைத் தடுப்பவர்கள்

சிகாகோ என்ற ஊரின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் தொழிலாளர்கள் போராடிய ஊர் அது. மே தினம் பிறந்த ஊர். 1893-ல் விவேகானந்தர் போய்ப் பேசிய ஊரும் அதுதான்.

சிகாகோ அமெரிக்காவில் இருக்கிறது. மிச்சிகன் என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. சுமார் 27 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். உயரமான கட்டடங்கள், பெரிய கடைகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் உண்டு.

அதே ஊரில் வேறு விதமான தெருக்களும் உண்டு. பொழுது சாய்ந்தால் அங்கே தாய்மார்களுக்குப் பயம் வந்துவிடும். வெளியே விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள். வாசலில் யாரும் உட்கார மாட்டார்கள். காரணம், துப்பாக்கி. யார் யாரைச் சுடுவார்கள், குண்டு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட தெருக்களில் வாழும் மக்களே துப்பாக்கிச் சூட்டைத் தடுக்க ஒரு வழி கண்டார்கள். அந்த வழி என்ன? அது பலன் தந்ததா? பார்ப்போம்.

கடையில் வாங்கும் துப்பாக்கி

நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2019-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி லைசென்ஸ் உள்ளவர்கூட பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நம்மில் பலர் துப்பாக்கியைப் போலீஸ்காரர் கையில்தான் பார்த்திருப்போம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. துப்பாக்கி வைத்துக்கொள்வது அங்கே குடிமக்களின் உரிமை. 1791-லேயே அந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் இதை எழுதிவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கலாம். மக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2018-ல் வெளிவந்த ஒரு கணக்கு சொன்னது. நாட்டின் மக்கள் தொகையோ சுமார் 33 கோடி. அதாவது, ஆட்களை விடத் துப்பாக்கிகள் அதிகம்.

2021-ல் மட்டும் அந்த நாட்டில் 48,000-க்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் இறந்தார்கள். இவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். சுமார் 21,000 பேர் மற்றவர்களால் கொலை செய்யப்பட்டவர்கள். சிறு பிள்ளைகளும் தப்பவில்லை. ஒரு காலத்தில் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள் வாகன விபத்தில்தான் அதிகமாக இறந்தார்கள். 2020-ல் துப்பாக்கி அதை முந்திவிட்டது.

துப்பாக்கி விற்பனைக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று பலர் போராடுகிறார்கள். எங்கள் உரிமையில் கை வைக்காதே என்று வேறு பலர் சொல்கிறார்கள். இந்த வாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் குண்டு பாயும் தெருவில் இருப்பவர்கள் அந்த வாதம் முடியும் வரை காத்திருக்க முடியாது. இன்று இரவு தம் பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அவர்களுடைய கவலை அது.

ஏன் சில தெருக்களில் மட்டும்?

சிகாகோ முழுவதும் இப்படி இல்லை. ஊரின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள சில பகுதிகளில்தான் துப்பாக்கிச் சூடு மிக அதிகம். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஏன் இப்படி?

இந்த மக்களின் முன்னோர்கள் ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடி வடக்கே வந்தார்கள். சிகாகோவின் ஆலைகளில் வேலை கிடைத்தது. ஆனால் விரும்பிய இடத்தில் வீடு கிடைக்கவில்லை. மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர மறுத்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதியில் வீடு வாங்க வங்கிகள் கடன் தர மறுத்தன. குறுகிய இடத்தில் நெருக்கியடித்து வாழ வேண்டி வந்தது.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சில வேறு இடத்துக்குப் போய்விட்டன. 1968-ல் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். துக்கமும் கோபமும் கலவரமாக வெடித்தன. சிகாகோவின் மேற்குப் பகுதியில் பல கடைகள் எரிந்தன. எரிந்த கடைகளில் பலவற்றைத் திரும்பக் கட்டவே இல்லை.

ஆலை போனது. கடை போனது. வேலை போனது. அந்த இடத்தில் போதைப்பொருள் வியாபாரம் நுழைந்தது. அதை நடத்தக் கும்பல்கள் உருவாயின. படிப்பும் வேலையும் இல்லாத பையனுக்குக் கும்பல் பணம் கொடுத்தது. "உனக்கு நாங்கள் இருக்கிறோம்" என்றது. கையில் துப்பாக்கியும் கொடுத்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் எல்லோரும் சுடுபவர்கள் அல்ல. பெரும்பாலோர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். துப்பாக்கி தூக்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரால் தெரு முழுவதும் பயத்தில் வாழ்கிறது.

சண்டைக்குக் காரணமும் பல சமயம் பெரிதாக இருக்காது. கொடுத்த கடன் திரும்பி வரவில்லை. ஒரு பெண் விஷயத்தில் தகராறு. நாலு பேர் முன்னால் ஒருவன் கேலி செய்துவிட்டான். இப்போது அந்தக் கேலி செல்போனிலும் வருகிறது. கையில் துப்பாக்கி இல்லை என்றால் அது கைகலப்போடு போயிருக்கும். துப்பாக்கி இருப்பதால் கொலையில் முடிகிறது.

ஒரு டாக்டர் பார்த்தது

கேரி ஸ்லட்கின் என்பவர் ஒரு டாக்டர். தொற்று நோய்களைத் தடுப்பது அவருடைய வேலை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் காசநோயைத் தடுக்க வேலை செய்தார். ஆப்பிரிக்காவில் சோமாலியா நாட்டின் அகதி முகாம்களில் காசநோயையும் காலராவையும் தடுக்க வேலை செய்தார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து எய்ட்ஸ் நோயைத் தடுக்க உழைத்தார்.

1995-ல் அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி சிகாகோவுக்கு வந்தார். பிள்ளைகள் சுட்டுக்கொண்டு சாகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் துப்பாக்கிச் சூடு நடந்த இடங்களை வரைபடத்தில் பார்த்தார். புள்ளிகள் ஊர் முழுவதும் பரவி இல்லை. சில இடங்களில் கொத்துக் கொத்தாக இருந்தன. காலரா வந்த இடங்களைப் படத்தில் குறித்தாலும் இப்படித்தான் இருக்கும். அவருக்கு அது பழகிய படம்.

அவர் மேலும் யோசித்தார். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். சண்டையும் அப்படித்தான். ஒருவன் சுடப்பட்டால் அவனுடைய அண்ணன் பழிவாங்கக் கிளம்புவான். அண்ணன் சுட்டால் மறுபக்கத்தில் இன்னொருவன் கிளம்புவான். ஒரு குண்டு அடுத்த குண்டைக் கொண்டுவருகிறது. சிறு வயதிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அதுதான் உலக வழக்கம் என்று தோன்றிவிடுகிறது.

அப்படியானால், நோயைத் தடுக்கும் வழியில் இதையும் தடுக்க முடியுமா? அவர் கேட்ட கேள்வி இதுதான்.

நம் நாட்டில் பெரியம்மையை ஒழித்த கதையை நினைத்துப் பாருங்கள். சுகாதார ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். வீடு வீடாக விசாரித்தார்கள். ஒரு வீட்டில் அம்மை கண்டால், அந்த வீட்டைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் உடனே தடுப்பூசி போட்டார்கள். அம்மை அந்த வளையத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

துப்பாக்கிச் சூட்டுக்கும் இப்படி ஒரு வளையம் போட வேண்டும் என்றார் ஸ்லட்கின். குற்றம் செய்தவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைப் போலீசும் நீதிமன்றமும் பார்க்கும். ஆனால் அவர்கள் வருவது பெரும்பாலும் உயிர் போன பிறகு. உயிர் போவதற்கு முன்னால் யார் போவது?

மூன்று வேலைகள்

2000-ல் சிகாகோவின் மேற்கில் மேற்கு கார்பீல்டு பார்க் என்ற பகுதியில் வேலை தொடங்கியது. அங்கே துப்பாக்கிச் சூடு மிக அதிகம். இயக்கத்தின் பெயர் சீஸ்ஃபயர். சுடுவதை நிறுத்து என்று பொருள். 2012-ல் கியூர் வயலன்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். வன்முறையைக் குணப்படுத்து என்று பொருள்.

இந்த இயக்கம் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, சூடு நடப்பதற்கு முன் தடுப்பது. எங்கே சண்டை புகைகிறது என்று கேட்டு அறிந்து, அங்கே போய்ப் பேசி நிறுத்துவது. இதற்கென்றே 2004-ல் தனி ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களைத் தடுப்பாளர்கள் என்று சொல்லலாம்.

இரண்டாவது வேலை, சுடக்கூடியவர்கள் யார் என்று கண்டு, அவர்களோடு கூடவே இருப்பது. வேலை தேடித் தருவது, பாதியில் விட்ட படிப்பைத் தொடர வைப்பது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற உதவுவது. இதைச் செய்பவர்கள் களப்பணியாளர்கள்.

மூன்றாவது வேலை, தெருவின் மனதை மாற்றுவது. துப்பாக்கிச் சூடு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அதே இடத்தில் மக்கள் கூட வேண்டும். இறந்தவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். "இது எங்களுக்குச் சம்மதம் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் கிரௌன் ஹைட்ஸ் என்ற பகுதியிலும் மக்கள் இந்த வேலையைச் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று பலகையில் எழுதி வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். எண் ஏறினால் மகிழ்ச்சி. சூடு நடந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

தடுப்பாளர் யார்?

முன்பின் தெரியாத ஒருவர் வந்து "சண்டை போடாதே தம்பி" என்றால் யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். போலீஸ்காரர் சொன்னாலும் அந்த இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்புகிற ஆள் வேண்டும்.

அதனால் தடுப்பாளர்களை அந்தந்தத் தெருவிலிருந்தே எடுத்தார்கள். பலர் முன்பு கும்பலில் இருந்தவர்கள். சிலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். பிறகு மனம் மாறியவர்கள். சோமாலியாவின் முகாம்களிலும் ஸ்லட்கின் இதைத்தான் செய்தார். அகதிகளுக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து சுகாதாரப் பயிற்சி கொடுத்தார். நம்மவர் சொன்னால்தான் நாம் கேட்போம்.

கோபி வில்லியம்ஸ் என்பவர் அப்படி ஒரு தடுப்பாளர். சிறு வயதிலேயே தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். தவறான வழியில் போய்ச் சிறையில் இருந்தவர். பிறகு திருந்தி இந்த வேலைக்கு வந்தார். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

அமீனா மேத்யூஸ் ஒரு பெண். அவருடைய தந்தை சிகாகோவில் பெயர் பெற்ற கும்பல் தலைவர். நீண்ட கால சிறைத் தண்டனை பெற்றவர். அமீனாவும் இளம் வயதில் போதைப்பொருள் விற்கும் கூட்டத்தோடு சேர்ந்திருந்தார். பிறகு அந்த வாழ்க்கையை உதறினார். துப்பாக்கியோடு நிற்கும் பையன்களுக்கு நடுவே அவர் போவார். அம்மா பேசுவது போலப் பேசுவார், திட்டவும் செய்வார். இந்த இருவரையும் இவர்களுடைய தோழர்களையும் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். அது 2011-ல் வெளிவந்தது. அதன் பிறகு உலகம் இவர்களைத் தெரிந்துகொண்டது.

தடுப்பாளர்களுக்கு ஒரு முக்கியமான விதி உண்டு. தெருவில் கேட்டதைப் போலீசிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள். இது சரியா என்று பலர் கேட்கிறார்கள். போலீஸ்காரர்களுக்கும் இதில் வருத்தம் உண்டு. ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கே சண்டை புகைகிறது என்றே தெரியாமல் போய்விடும். பிறகு தடுப்பது எப்படி? இது தடுப்பாளர்கள் சொல்லும் பதில்.

ஓர் இரவில் நடப்பது

ஒரு பையன் சுடப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனுடைய அண்ணனும் நண்பர்களும் வாசலில் நிற்கிறார்கள். யார் சுட்டது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று இரவே பழி தீர்க்க வேண்டும் என்று பேசுகிறார்கள்.

செய்தி தடுப்பாளருக்கு வருகிறது. அவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போனதும் புத்தி சொல்ல மாட்டார். முதலில் கேட்பார். அண்ணன் அழட்டும், கத்தட்டும். "உன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கு இப்படித்தான் இருக்கும்" என்பார். பிறகு அவனை அந்தக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போவார். டீ வாங்கிக் கொடுப்பார், சாப்பிட வைப்பார். நேரம் போகும். பால் பொங்கி வரும்போது அடுப்பிலிருந்து இறக்கினால் போதும், தானே அடங்கும். இங்கும் முதல் வேலை இறக்குவதுதான்.

பிறகு மெல்லக் கேட்பார். "நீ சுட்டால் என்ன ஆகும்? நீ ஜெயிலுக்குப் போவாய். ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பியை யார் பார்ப்பது? உன் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? நான் பத்து வருடம் உள்ளே இருந்தேன். என் அம்மா இறந்தபோது முகம் பார்க்க முடியவில்லை." இதைப் புத்தகம் படித்துச் சொன்னால் எடுபடாது. பட்டவர் சொல்வதால் எடுபடுகிறது.

அதே இரவு இன்னொரு தடுப்பாளர் மறுபக்கத்துக்குப் போவார். அவர்களும் பயத்தில்தான் இருப்பார்கள். "அவர்கள் வருவதற்குள் நாம் முந்திக்கொள்வோம்" என்று துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடம் பேசி, "இன்று யாரும் வர மாட்டார்கள், நீங்களும் போகாதீர்கள்" என்று வாக்கு வாங்குவார்.

இந்த வேலை ஒரு நாளில் முடியாது. மறுநாளும் போக வேண்டும், அடுத்த வாரமும் போக வேண்டும். அடிபட்ட பையனின் பிறந்த நாள் வந்தால், துக்க நாள் வந்தால், கோபம் மறுபடி வரும். அன்றும் போக வேண்டும்.

தெருமுனையில் நாற்காலி

சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை மட்டுமல்ல இது. சிகாகோவின் தெற்கில் எங்கிள்வுட் என்ற பகுதி இருக்கிறது. 2015 கோடையில் அங்கே 75-ஆம் தெருவின் முனையில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து யார் யாரைச் சுடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். டமார் மனாசே என்ற தாய் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டார். நாற்காலிகளை எடுத்துப்போய் அதே தெருமுனையில் போட்டார். உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு கொடுத்தார்கள். பிள்ளைகள் வந்து விளையாடினார்கள். வேலை இல்லாமல் நின்ற இளைஞர்களும் வந்து சாப்பிட்டார்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று பெயர் சொல்லிக் கேட்க ஒரு ஆள் கிடைத்தது. ஒரு நாளோடு நிற்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டுகளிலும் உட்கார்ந்தார்கள்.

அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் துப்பாக்கியை எடுக்கக் கை கூசும். இதுதான் அவர்களுடைய நம்பிக்கை. நம் நாட்டுப் பெண்களுக்கும் இது புதிதல்ல. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் பெண்கள் அறிவொளிப் பாடம் படித்தார்கள். சாராயத்தால் குடும்பம் கெடுவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கூட்டமாகப் போய்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தப் போராட்டம் 1992-ல் மாநிலம் முழுவதும் பரவியது. 1993-ல் அரசு சாராயத்தைத் தடை செய்தது.

ஆனால் சிகாகோவின் அந்தத் தெருமுனையிலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2019 ஜூலையில் அங்கே ஒரு வாகனத்திலிருந்து சுட்டார்கள். அந்தக் குழுவோடு சேர்ந்து வேலை செய்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். இருவரும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள். மற்ற பெண்கள் அழுதார்கள். அதன் பிறகும் அந்த மூலைக்கு வந்தார்கள்.

குப்பை மேடும் துப்பாக்கியும்

இன்னொரு வழியையும் பாருங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஏழைகள் வாழும் பகுதிகளில் ஆயிரக்கணக்கான காலி மனைகள். புதர் மண்டிக் கிடக்கும். குப்பையும் உடைந்த கண்ணாடியும் குவிந்திருக்கும். துப்பாக்கியை மறைத்து வைக்க அது வசதியான இடம். போதைப்பொருள் விற்கவும் வசதி.

ஆராய்ச்சியாளர்கள் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல அவற்றைப் பிரித்தார்கள். சில மனைகளில் குப்பையை அள்ளினார்கள். நிலத்தைச் சமன் செய்து புல் விதைத்தார்கள். சில மரங்கள் நட்டார்கள். இடுப்பளவு மர வேலி போட்டார்கள். உள்ளே போய் உட்கார வழியும் விட்டார்கள். வேறு சில மனைகளை அப்படியே விட்டார்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

2018-ல் முடிவு வந்தது. மிக ஏழைப் பகுதிகளில், சீர் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. மக்கள் பயமில்லாமல் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் துப்பாக்கிக்கு இடம் குறைந்தது. மண்வெட்டியும் துடைப்பமும்கூட உயிரைக் காக்கும் கருவிகள் ஆயின.

பலன் உண்டா?

தொடங்கிய முதல் ஆண்டிலேயே மேற்கு கார்பீல்டு பார்க்கில் துப்பாக்கிச் சூடு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று இயக்கத்தார் சொன்னார்கள். பிறகு வெளி ஆட்கள் வந்து சரிபார்த்தார்கள். சிகாகோவில் 7 இடங்களை ஆராய்ந்த அறிக்கை 2009-ல் வெளிவந்தது. அவற்றில் 4 இடங்களில் இந்த வேலையால் சூடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டார்கள். மற்ற இடங்களில் அப்படித் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

வேறு நகரங்களிலும் இப்படித்தான். சில இடங்களில் நல்ல பலன். சில இடங்களில் பலன் இல்லை. ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா, பயிற்சி கொடுத்தார்களா, வேலை தொடர்ந்து நடந்ததா என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. இது மந்திரம் அல்ல. காலரா தடுப்பு மருந்தும் போட்டவர்களுக்குத்தானே பலன் தரும்?

பணமும் ஒரு பிரச்சினை. 2015-ல் மாநில அரசின் பணம் நின்றது. சிகாகோவில் இயக்கத்தின் பெரும்பாலான கிளைகள் மூடின. 2016-ல் சிகாகோவில் கொலைகள் 700-ஐத் தாண்டின. முந்தைய ஆண்டைவிட மிக அதிகம். கிளைகள் மூடியது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவரை அனுப்பிவிட்டால் தீ பரவாமல் இருக்குமா என்று தெருவில் உள்ளவர்கள் கேட்டார்கள்.

2022-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. இப்படிப்பட்ட உள்ளூர் முயற்சிகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் அங்குள்ள மத்திய அரசு அந்த உதவிகளில் பலவற்றை நிறுத்திவிட்டது. பல அமைப்புகள் ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது.

தடுப்பாளர்களின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பால்டிமோர் என்ற நகரில் 2021 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை 3 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்தவர் உயிரைக் காக்கப் போனவர்கள் அவர்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் போகிறார்கள்? ஒரு காலத்தில் அதே தெருவைக் கெடுத்தவர்களில் தாங்களும் இருந்தோம் என்று பலர் சொல்கிறார்கள். கெடுத்ததைச் சரி செய்யும் கடமை தங்களுக்கு உண்டு என்று நினைக்கிறார்கள்.

தடுத்த கொலை செய்தித்தாளில் வராது. நடந்த கொலைதான் வரும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு அண்ணன் கோபம் தணிந்து வீட்டுக்குப் போனான் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஆனால் அன்று இரவு இரண்டு வீடுகளில் ஒப்பாரி கேட்கவில்லை. இரண்டு தாய்மார்கள் கதவைத் திறந்து பிள்ளையை உள்ளே விட்டார்கள்.

பேசிப் பாருங்கள்

1. ஒரு குண்டு அடுத்த குண்டைக் கொண்டுவருகிறது என்று படித்தோம். உங்கள் ஊரில் ஒரு சண்டை இன்னொரு சண்டையைக் கொண்டுவந்தது உண்டா? அது எப்படி நின்றது?

2. தெருவில் கேட்டதைத் தடுப்பாளர்கள் போலீசிடம் சொல்வதில்லை. இது சரியா? உங்கள் கருத்து என்ன?

3. கோபத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் ஊரில் யார் பேச்சைக் கேட்பார்? ஏன் கேட்பார்?

4. உங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத, இருட்டான, குப்பை நிறைந்த இடம் இருக்கிறதா? அதை எல்லோரும் சேர்ந்து எப்படிச் சரி செய்யலாம்?